பெரியம்மாவின் சேமிப்பு போன பிறகு: வங்கி, போலீஸ், ஆம்பட் அலைச்சலில் தெரிந்துகொண்டவை

"போலீஸில் கேஸ் நம்பர் வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றது வங்கி. "வங்கிக் கடிதம் இல்லாமல் கேஸ் எழுத மாட்டோம்" என்றது போலீஸ் ஸ்டேஷன். இந்த இரண்டு கவுன்ட்டருக்கும் நடுவே வயதானவர்களை ஓடவிடுகிற நேரத்தில்தான் போன பணம் இன்னும் தூரம் போய்விடுகிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு என்று சொல்லி ஒருவன் கூப்பிட்டான். அவர் பெயர், வங்கிக் கார்டின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் சரியாகச் சொன்னான். "உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கப் பார்க்கிறார்கள், நிறுத்த வேண்டும், போனை ஸ்பீக்கரில் போடுங்கள்" என்றான். ஸ்பீக்கரில் போட்டால் திரை கண்ணுக்கு முன்னால் இருக்கும், அதற்காகத்தான். உடனே வங்கி ஆப்பின் செய்தி மேலே வந்து நிற்கிறது: ஒரு தொகை, ஒரு பெயர், அடியில் இரண்டு பொத்தான். "அந்தத் தொகையைத்தான் திருடன் எடுக்கப் பார்க்கிறான் ஆன்ட்டி, ரத்து செய்வதற்கு 'அப்ரூவ்' அழுத்துங்கள்." பெரியம்மா அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்த வைத்தான்.

இதில் எந்தப் பூட்டும் உடைபடவில்லை என்பதைக் கவனியுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து அன்றாடக் கணக்குக்கு மாற்றுவதை வங்கி வெளியே போகும் பணமாகவே பார்ப்பதில்லை, அது சொந்தக் கணக்குகளுக்குள் நடக்கும் மாற்றம். அதன் பிறகு தினசரி வரம்பை உயர்த்த ஓர் ஒப்புதல். அதன் பிறகு பேஷேப். 2023-ல் வந்த இந்த உடனடிப் பணப்பரிமாற்றம் சில நொடிகளில் முடிந்துவிடும், அனுப்பியவர் திரும்ப அழைக்க வழியில்லை. மீதியை ஏடிஎம்மில் கோட் போட்டு எடுக்கும் வவுச்சர்களாக்கினான். எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததில் ஒரு பங்கு அந்த வவுச்சர்களிலிருந்து வந்தது, ஏனென்றால் சிலவற்றை அவன் ஆள் இன்னும் எடுத்திருக்கவில்லை. எடுக்கப்படாத வவுச்சரை நிறுத்த முடியும். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் மோசடி எண்ணுக்கு அடிக்கும்போது "எல்லாவற்றையும் பிளாக் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னால், கார்டை மட்டும் நிறுத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். தனித்தனியாகக் கேட்க வேண்டும்: கார்டு நிறுத்தம், ஆப் நிறுத்தம், எடுக்காத வவுச்சர் ரத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் கொடுத்து அந்தக் கணக்கில் மீதி இருப்பதை முடக்குவது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ரெஃபரன்ஸ் நம்பரும், அழைப்பை எடுத்த நேரமும், பேசியவர் பெயரும் ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். பின்னால் வாதமே அந்த நேரத்தை வைத்துத்தான் நடக்கிறது. புகார் கொடுத்த பிறகும் பணம் போயிருந்தால் அது வங்கியின் பொறுப்பு.

எண்ணை எங்கே எடுப்பது? வங்கிக் கார்டின் பின்பக்கத்தில். கூகுளில் தேடி முதலில் வருகிற எண்ணுக்கு அடிக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் விளம்பரமாக உட்கார்ந்திருக்கின்றன.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கேஸ் கொடுக்கலாம், பிறகு உரிய இடத்துக்கு அவர்களே மாற்றிக்கொள்வார்கள். வங்கிக் கடிதம் கட்டாயமில்லை. கணக்கு ஸ்டேட்மென்ட்டை ஆப்பிலோ ஏடிஎம்மிலோ எடுத்துக்கொண்டு போனால் போதும். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் மறுத்தபோது அந்த ஷிப்டின் பொறுப்பதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சத்தம் போடாமல், ஆனால் நகராமல் நின்றோம். அவர் வந்ததும் டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, திறந்துவிட்டார். கேஸ் நம்பரும் விசாரணை அதிகாரியின் பெயரும் எஸ்எம்எஸ்ஸில் வரும். பெரியம்மாவின் சிம்மை ஏற்கெனவே முடக்கியிருந்ததால் எஸ்எம்எஸ்ஸுக்கு வேறு எண் கொடுத்தோம். இந்தச் சின்ன விஷயத்தை மறந்தால் கேஸ் நம்பருக்காக மறுபடி ஒரு நடை.

அஃபிடவிட்டில், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரத்தில்தான் பெரிய ஓட்டை. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் செல்லாது, பிரமாணம் வாங்க அதிகாரமுள்ள கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் கண் முன்னால்தான் போட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் இலவசம். முத்திரை மட்டும் போதாது, அதன் கீழே அதிகாரியின் முழுப் பெயர், பதவி, இடம், தேதி இருக்க வேண்டும். அவசரத்தில் பெயரை விட்டுவிடுகிறார்கள். அங்கேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். அடையாள அட்டை நகலுக்குச் சான்று வாங்கும்போதும் அப்படித்தான். அசலைக் காட்டாமல் முத்திரை விழாது, மூன்று மாதம் தாண்டிய சான்றை வங்கி கையால் தொடாது.

அதைவிட மோசமானது வங்கியின் அச்சடித்த படிவம். கவுன்ட்டரில் இருந்த வங்கி ஊழியப் பெண், பெரியம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, தானே ஆங்கிலத்தில் நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். படிக்கும் கண்ணாடி பெரியம்மாவின் கையில் இல்லை. அந்தப் படிவத்தில் இருந்த வரி: வாடிக்கையாளர் தன் ஓடிபியை மூன்றாம் நபருக்குக் கொடுத்தார். அவர் எந்த எண்ணையும் யாருக்கும் சொல்லவே இல்லை! ஆப்பில் பொத்தானைத்தான் அழுத்தினார், அதுவும் ரத்து செய்வதாக நம்பி. சில நாட்களில் வந்த மறுப்புக் கடிதம் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு நின்றது. கூடுதல் அஃபிடவிட் ஒன்று எழுதி, முதல் படிவத்தில் எழுதியவர் யார், வாசித்துக் காட்டப்பட்டதா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த வரியை அசைக்க முடிந்தது.

ஆகவே யாரையும் உங்கள் வீட்டுப் பெரியவருக்காக எழுதவிடாதீர்கள். வெள்ளைத் தாளில், நடந்த வரிசையில், அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். அழைப்பு வந்த எண், போனின் அழைப்புப் பட்டியலில் இருக்கும் நேரம், அவன் சொன்ன வார்த்தைகள், இவர் அழுத்தியது என்ன, ஒவ்வொரு தொகையும் போன நேரம், வங்கிக்குப் புகார் சொன்ன நேரம். ஓடிபி சொல்லியிருந்தால் சொன்னதாகவே எழுதுங்கள், மறைத்தால் பிறகு வங்கியிடம் பேசிய அழைப்பின் ஒலிப்பதிவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் எதைச் சொல்லி அவரிடமிருந்து வாங்கினான் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இன்னொரு இடத்திலும் இடித்தது. பெரியம்மாவின் பெயர் பழைய சேமிப்புக் கணக்கில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று. நம் வீடுகளில் அந்தத் தலைமுறைக்கு இது சகஜம், பதிவு செய்த குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். மகன் வீட்டில் இருப்பதால் ஈதெக்வினி (டர்பன்) நகராட்சி பில்லும் அவர் பெயரில் இல்லை. வாடிக்கையாளரின் அடையாளத்தை வங்கி சரிபார்க்கச் சொல்லும் ஃபிக்கா விதிப்படி முகவரிச் சான்று கேட்டார்கள். மகனின் பில், மகனின் அடையாள நகல், "இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்" என்ற மகனின் அஃபிடவிட், இந்த மூன்றும் சேர்ந்தால் ஏற்றுக்கொள்வார்கள். புது சிம்மை அடையாளம் காட்டிப் பதிவது ரிக்கா, அந்தப் பதிவு செய்யும்போதும் இதே கட்டு உதவியது. எதுவும் நடக்காத இப்போதே இதையெல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வங்கியின் மறுப்புக் கடிதத்தோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் எழுத்தில் கேள்வி கேட்க வேண்டும். வரம்பை உயர்த்தியது எத்தனை மணிக்கு? புதிய போன் எதுவும் ஆப்பில் இணைக்கப்பட்டதா? ஆண்டுக்கணக்கில் மளிகையும் மருந்தும் மட்டும் வாங்கிய கணக்கில், ஒரே முற்பகலில் புதிய ஆட்களுக்கு அடுத்தடுத்துப் பணம் போனபோது உங்கள் கண்காணிப்பு என்ன செய்தது? புகார் வந்த எத்தனை நிமிடத்தில் மற்ற வங்கிக்குச் சொன்னீர்கள்? தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்கும் உரிமையை போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கிறது. பணம் வாங்கியவனின் விவரத்தைக் கேட்டால் மட்டும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி போலீஸ் வாங்க வேண்டியது. விசாரணை அதிகாரியிடம் "205 போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்பவர் டாக்கெட்தான் மேலே வருகிறது.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகு, முடக்கப்பட்டிருந்த தொகை கணக்குக்கு வந்தது. பெரியம்மா அன்று சாப்பிட்டார், அதுவே எங்களுக்குப் பெரிது.

மீதிக்காக ஆம்பட், அதாவது வங்கி மேல் வாடிக்கையாளர் கொடுக்கும் புகாரை விசாரிக்கும் தனி அமைப்பு. 2024 மார்ச் 1 முதல் வங்கி, கடன், ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு ஆகிய நான்கு ஆம்பட் அலுவலகங்களும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் என்ற ஒரே அமைப்பாகிவிட்டன. பழைய துண்டுப்பிரசுரங்களில் பழைய பெயர் இருக்கும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். வங்கியிடம் முதலில் புகார் செய்து அதன் இறுதிப் பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதிக நம்பிக்கையும் கொடுக்க விரும்பவில்லை: வாடிக்கையாளர் தானே ஒப்புதல் கொடுத்த வழக்குகளில் வங்கியின் பக்கம் தவறு இருந்தது என்று காட்டினால்தான் எடுபடும். மேலே சொன்ன நேரங்கள் அதற்குத்தான்.

பெரியம்மாவின் அடையாள எண் இப்போது கண்டவர் கையில் இருக்கிறது. அதனால் சதர்ன் ஆப்பிரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸில் புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன் செய்தோம். இலவசம். அவர் பெயரில் யாராவது கடன் கேட்டால் கூடுதலாகச் சரிபார்க்கும்படி உறுப்பு நிறுவனங்களுக்கு அது எச்சரிக்கை காட்டும். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற, கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோ ஒவ்வொன்றிலும் வருடம் ஒருமுறை இலவச அறிக்கை உண்டு, அதையும் எடுத்துப் பாருங்கள். தெரியாத டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் பணம்) முளைத்தால் 40 நாளைக்குள் வங்கி ஆப்பிலேயே திருப்பிவிடலாம், தாமதித்தால் சிரமம்.

போனில் மோசடிக்காரன் எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்து போனை இயக்கும் ஆப் ஏதாவது இறக்க வைத்தானா என்று பார்த்தோம். இருந்தால் அழித்தால் மட்டும் போதாது, போனையே முழுதாக ரீசெட் செய்யுங்கள். ##002# அடித்தால் எல்லா கால் ஃபார்வர்டிங்கும் நீங்கும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்க பின் வையுங்கள். கணக்கில் பேஷேப் வரம்பையும் வவுச்சர் வரம்பையும் கிளையில் உட்கார்ந்தே மிகக் குறைவாக வைக்கச் சொன்னோம். சேமிப்பை ஆப்பில் தெரியாத 32 நாள் நோட்டீஸ் கணக்குக்கு மாற்றினோம். எடுக்க வேண்டுமென்றால் 32 நாள் முன்பே சொல்ல வேண்டும், எந்த மோசடிக்காரனும் அவ்வளவு நாள் லைனில் காத்திருக்க மாட்டான்.

பிள்ளைகள் பேச வங்கி ஒப்பவில்லையென்று பவர் ஆஃப் அட்டர்னி எழுதுகிறவர்களுக்கு ஒன்று: இந்த நாட்டுச் சட்டத்தில், எழுதிக்கொடுத்தவரின் மனத்திறன் போனதும் அந்தப் பத்திரம் செத்துவிடும். மறதி நோய் ஆரம்பித்துவிட்ட வீட்டில் அதை நம்பி இருக்காதீர்கள். அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஹைகோர்ட் நியமிக்கும் கியூரேட்டர் அல்லது ஹைகோர்ட்டின் மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர், இரண்டில் எது பொருந்தும் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

இப்போது பெரியம்மாவுக்குப் புது மாதிரி அழைப்புகள் வருகின்றன. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கேஸ் நம்பரைச் சொல்லுங்கள், முன்பணம் கொஞ்சம் கட்டுங்கள்." ஒருமுறை ஏமாந்தவரின் எண் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆம்பட்டும் போலீஸும் பணம் மீட்கக் கட்டணம் கேட்பதில்லை. கேஸ் நம்பரைக் கேட்டு யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நாமே அடித்து விசாரணை அதிகாரியிடம் பேசுகிறோம்.