பென்சில் கோடு

இருபது வருடங்களுக்கு முன்பு, காகித சார்ட்டும் (கடல் வரைபடம்) 2பி பென்சிலுமாக வேலை பார்த்த காலம். எண்ணெய் டேங்கர் கப்பல் ஒன்றில் செகண்ட் மேட்டாக, அதாவது வழி பார்க்கும் அதிகாரியாக இருந்தேன். இத்தாலியில் சரக்கை இறக்கிவிட்டு லிபியாவின் ராஸ் லானுஃப் துறைமுகத்துக்குப் போகவேண்டும். பாசேஜ் பிளான், அதாவது கப்பல் போகும் வழியைத் திட்டமிடுவது, என் பொறுப்பு. அந்தத் துறைமுகம் இருக்கும் சிட்ரா வளைகுடாவின் சார்ட்டை விரித்து, வடக்கு 32 டிகிரி 30 நிமிடத்தில் கிழக்கு மேற்காக ஒரு கோடு இழுத்து 'லிபிய எல்லை' என்று எழுதினேன்.

கேப்டன் தூத்துக்குடிக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது யாரு போட்ட எல்லை தம்பி?"

"லிபியா போட்டது சார். 1973-ல."

"சரி, வேற யாரு ஒத்துக்கிட்டா?"

நான் முழித்தேன். அவரே ரப்பரை எடுத்து 'எல்லை'யை அழித்துவிட்டு 'உரிமை கோரல்' என்று எழுதினார். கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

அந்தக் கேள்வியின் கனம், பின்னால் கரையில் உட்கார்ந்து கடல் சட்டம் படித்தபோதுதான் புரிந்தது. அந்த வளைகுடாவின் வாய் சுமார் 300 கடல் மைல். 1982 கடல் சட்ட உடன்படிக்கையோ வளைகுடாவின் குறுக்கே 24 மைல் வரைதான் கோடு போட்டு, உள்ளே இருப்பது தன் கடல் என்று அடைக்க விடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால், காலங்காலமாக ஆண்டோம், மற்றவர்களும் பேசாமல் இருந்தார்கள் என்று காட்டவேண்டும். லிபியா விஷயத்தில் யாரும் பேசாமல் இருக்கவில்லை. 1974-லேயே அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்தது. 1981-ல் அங்கே இரண்டு லிபியப் போர் விமானங்களைச் சுட்டும் வீழ்த்தியது.

அதற்காகத் தனியாக ஒரு நாடு கோடு போட்டாலே சட்டவிரோதம் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நார்வே 1935-ல் தன் அரசாணையாலேயே, தீவுத் துணுக்குகளை இணைத்து நேர்கோடுகள் போட்டது. ஒரு கோடு 44 மைல் நீளம். பிரிட்டன் வழக்குப் போட்டது; 1951-ல் சர்வதேச நீதிமன்றம் நார்வே பக்கம் தீர்ப்பளித்தது. கரையின் அமைப்பு, அங்குள்ள மீனவர்களின் நெடுநாள் பிழைப்பு, பிரிட்டன் பல வருடம் வாய்திறக்காதது எல்லாவற்றையும் எடைபோட்டது. கோடு போடுவது ஒரு நாட்டின் தனிச் செயல்தான், ஆனால் அது அடுத்தவரைக் கட்டுமா என்பதைச் சர்வதேசச் சட்டம்தான் சொல்லும் என்றது. எதிர்க்கரையில் இன்னொரு நாடு இருந்தால் விவகாரமே வேறு. அங்கே பேசியோ நீதிமன்றம் போயோதான் தீர்க்கவேண்டும்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். கோட்டிலிருந்து துறைமுகம் 120 மைல். கரையை ஒட்டிய 12 மைல் லிபியாவுடையது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மீதி 108 மைல், எங்கள் வேகத்தில் ஒன்பது மணி நேரம், யாருடைய கடல்? கேப்டன் கோட்டுக்கு முன்னாலேயே துறைமுகத்தை ரேடியோவில் கூப்பிடச் சொன்னார்.

"அப்போ நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா சார்?"

"நீயும் நானும் ஒத்துக்கிட்டா நாடு ஒத்துக்கிட்டதா ஆயிடுமாடா? கூப்பிடு."

அவர் சொன்னது சரிதான். வணிகக் கப்பல் கேப்டனின் ஒரு ரேடியோ அழைப்பு எந்த அரசையும் கட்டாது.

கூப்பிட்டேன். வந்துசேரும் நேரத்தையும் பேலஸ்ட் (காலிக் கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் தண்ணீர்) எத்தனை டன் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.