மெரூன் பெட்டிக்கு மஞ்சள் எழுத்து

பெட்டி தயாராகி நான்கு மாதம் ஆகியும் அதன் மேல் ஓர் எழுத்துகூட இல்லை. 1:87 அளவில் ரெசினில் அச்செடுத்து, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, பழைய மெரூன் நிறம் அடித்த மாடல் ரயில் பெட்டி அது; சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ஸ்லீப்பர் வகை. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் மனசு நிறையவில்லை. சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு, சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறப் போனால், என் கண் முதலில் போவது பெட்டி எண்ணுக்கும், ஜன்னலுக்கு மேலே தொங்கும் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகைக்கும்தான். அந்த இரண்டும் இல்லாத பெட்டி எந்த ஊருக்கும் போகாத பெட்டி மாதிரி அலமாரியில் நின்றது.

ஐரோப்பிய, அமெரிக்க மாடல்களுக்கு டெக்கல் தாள்கள், அதாவது தண்ணீரில் நனைத்து மாடல் மேல் நகர்த்தி ஒட்டும் அச்சுப் படலங்கள், கடையிலேயே கிடைக்கும். நிறுவனம், வருடம், வண்டி வகை என்று தேடி வாங்கிக்கொள்ளலாம். 1990-களின் தெற்கு ரயில்வே பெட்டிக்கு எனக்குத் தேவையானது எங்கும் கிடைக்கவில்லை. சரி, நாமே வரைந்து நாமே அச்சடிப்போம் என்று இறங்கினேன். முடிக்க ஏழு மாதம் ஆனது.

முதல் வேலை, என்ன எழுதுவது என்பதை முடிவு செய்வது. அந்தக் காலத்து ரயில் பெட்டி எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டும் கட்டிய வருடம், அடுத்த மூன்றும் பெட்டியின் வகையைச் சொல்லும். 201 முதல் 400 வரை ஸ்லீப்பர். 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. நான் எடுத்துக்கொண்டது 93238. அதாவது 1993-இல் கட்டிய ஸ்லீப்பர். பக்கத்தில் தெற்கு ரயில்வேயைக் குறிக்கும் எஸ்.ஆர். என்றும் அதன் இந்திச் சுருக்கமும், டபிள்யூ.ஜி.எஸ்.சி.என். என்ற வகைக் குறியீடும் வரும். பெட்டியின் முனைச் சுவரில் பி.ஓ.எச். தேதியும் ரிட்டர்ன் தேதியும் இருக்கும். பி.ஓ.எச். என்பது பெட்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய் முழுசாகப் பிரித்துச் சரிபார்ப்பது. அடுத்த முறை எப்போது திரும்ப வேண்டும் என்பது ரிட்டர்ன் தேதி.

பலகையில்தான் முதல் தவறு. ஆங்கில வரியில் யோசிக்காமல் சென்னை சென்ட்ரல் என்று போட்டுவிட்டேன். பெயர் மாற்றம் வந்தது 1996-இல். நான் காட்ட நினைப்பது அதற்கு முந்தைய வருடம். அப்போது ஆங்கிலத்தில் மெட்ராஸ் சென்ட்ரல், தமிழில் மட்டும் சென்னை. ஒரே பலகையில் ஒரே ஊர் இரண்டு பெயரில் இருந்த காலம் அது. அச்சுக்குப் போகும் முன்பே கண்ணில் பட்டது நல்லதாயிற்று.

அளவு எடுக்க என்னிடம் இருந்தவை பழைய புகைப்படங்கள் மட்டும்தான். பெட்டிக்கு நேர் எதிரே நின்று எடுத்த படமாகத் தேடி எடுத்தேன். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு முனை எழுத்துக்கும் மறு முனை எழுத்துக்கும் உயரமே வேறாக வரும். ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 245.3. படத்தை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்த நீளத்துக்குச் சுருக்கினேன். அது சரிதானா என்று பார்க்க போகி (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன். உண்மையில் 14,783 மில்லிமீட்டர், மாடலில் 169.9 வர வேண்டும். படத்தில் 169.5 வந்தது. இந்த அளவு ஒற்றுமை போதும். அதில் எண்ணின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் என்று தெரிந்தது. அரிசி மணியின் அகலத்தைவிடக் குறைவு.

அடுத்து எழுத்து வடிவம். இரண்டு வாரம் ஃபான்ட் தேடினேன், எதுவும் பொருந்தவில்லை. எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் என்ற ரயில் பெட்டிப் பணிமனையில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வரைந்ததைத் தாளில் பெரிதாக அச்சடித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபான்ட்ல தேடினா எப்படிக் கிடைக்கும் தம்பி? தகரத்துல வெட்டின ஸ்டென்சில் அது. 8, 9, 0 எல்லாத்துக்கும் நடுவுல பாலம் இருக்கும். இல்லேன்னா உள்வட்டம் கழண்டு விழுந்துடும். அப்புறம் பிரஷ்ஷால மூடுவோம். நேரம் இல்லாத அன்னைக்கு அப்படியே விட்டுருவோம்."

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 8-இன் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தது. அதுவரை அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். அன்று இரவே எண்களை எல்லாம் படத்தின் மேல் தடம் பிடித்து, ஒவ்வொன்றாகக் கையால் வரைய ஆரம்பித்தேன். 3-இன் மேல் வளைவு கீழ் வளைவைவிடச் சற்றுச் சின்னது. 2-இன் கழுத்து நேராகவே இறங்கும். இந்த மாதிரி விஷயங்கள்தான் பெட்டிக்கு முகம் தருகின்றன.

வரைந்து முடித்ததும் உண்மையான சிக்கல் வந்தது. வீட்டு பிரிண்டர், கடை லேசர் எதுவுமே வெள்ளை அச்சடிக்காது. தாளின் வெள்ளைதான் அவற்றுக்கு வெள்ளை. மஞ்சள் மையும் கண்ணாடி மாதிரிதான், பின்னால் இருப்பதைக் காட்டிவிடும். தெளிந்த டெக்கல் தாளில் மஞ்சள் எண்ணை அடித்து மெரூன் மேல் ஒட்டினால் எண்ணே தெரியாது. நான் ஒட்டிப் பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு பளபளப்பு தெரிந்தது.

சரி, வெள்ளை டெக்கல் தாளில் சுற்றிலும் மெரூனை அடித்து, எண்ணை மட்டும் மஞ்சளாக விட்டுப் பார்த்தேன். திரையில் பொருந்திய மெரூன் தாளில் காபிப்பொடி நிறத்தில் வந்தது. பதினோரு சாம்பிள் அடித்தும் பெயின்ட் நிறத்துக்கு வரவில்லை. இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒட்டிய சதுரம் எந்த வெளிச்சத்திலும் தனியாகத் தெரியும்.

மூன்றாவதாக, வெள்ளை டோனர் உள்ள இயந்திரத்தில் அடித்துத் தரும் ஒருவருக்கு இணையம் வழியாக ஆர்டர் கொடுத்தேன். கீழே வெள்ளை, மேலே மஞ்சள் என இரண்டு அடுக்கு. வந்த தாளில் இரண்டு அடுக்கும் 0.2 மில்லிமீட்டர் விலகியிருந்தன. பெரிய எழுத்தில் இது தெரியாது. ஒன்றரை மில்லிமீட்டர் எண்ணில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் இடது பக்கம் வெள்ளை நிழல் விழுந்தது. செலவழித்த 2,800 ரூபாய் போனதைவிட, இனி யாரிடம் போவது என்று தெரியாததுதான் பெரிய கவலை.

இதற்கிடையில் பலகை வேலை முடிந்துவிட்டது. அதன் பின்னணியே மஞ்சள், எழுத்து கறுப்பு. ஆகவே வெள்ளை டெக்கல் தாளில் சாதாரண கலர் லேசர் போதும். ஆனால் தமிழ் ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. பிரிண்ட் கடையில் கோரல்டிரா மென்பொருளின் பழைய பதிப்பில் என் கோப்பைத் திறந்ததும் மேட்டுப்பாளையம் என்ற பெயர் உடைந்தது. இரட்டைக் கொம்பு மகரத்தை விட்டுத் தனியாக நின்றது, புள்ளிகள் பக்கத்து எழுத்துக்குப் போய்விட்டன. யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பதிப்பு அது. வீட்டிலேயே எழுத்துகளை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. சுழிகளைக் கவனிக்க வேண்டியது இன்னொரு விஷயம். 0.7 மில்லிமீட்டர் உயரத்தில் ளகரத்தின் சுழியும், னகரத்தின் சுழியும் மை நிறைந்து அடைத்துக்கொள்ளும். சுழிகளின் உள்வெளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, கோட்டை மெல்லியதாக்கினேன். 1200 டி.பி.ஐ.யில் அடித்த பிறகு பூதக்கண்ணாடியில் சென்னை என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. உண்மையான பலகை பெட்டியில் வரைந்தது இல்லை, தனியாக மாட்டியது. அதனால் டெக்கலை 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டி, ஓரத்து வெள்ளையை மஞ்சள் பெயின்டால் மூடி, அந்தப் பட்டையைப் பெட்டியில் மாட்டினேன்.

எண்ணுக்கு வழி கிடைத்தது பாரிமுனையில். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்காக ஆண்டர்சன் தெருவுக்குப் போயிருந்தேன். அடர் சிவப்பு அட்டையில் தங்க நிறத்தில் பெயர்கள். விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்பட்டது. அடர் நிறத்தின் மேல் வெளிர் எழுத்து, அதுவும் கீழே வெள்ளை இல்லாமல். நான் தேடியது இதுதானே என்று அங்கேயே நின்றுவிட்டேன். கடைக்காரர், துணி வலை வழியாக மையை இறக்கி அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் ஒருவரிடம் அனுப்பினார். சின்ன மாடி அறை, மேஜையில் பிசினும் தின்னரும் மணந்தன.

"எறும்பு எழுத்தா இருக்கே சார்" என்றார் பார்த்ததும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்டின் தடிமனைக் கேட்டார். 0.2 மில்லிமீட்டர் என்றேன். "0.15-க்குக் கீழ போகாம பாத்துக்கங்க. நான் 120 மெஷ் போடறேன்." ஒரு சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள துணி. வெள்ளை அடுக்கு வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மஞ்சள் வினைல் மையில் ஒரு கரண்டி வெள்ளையைக் கலந்து காட்டினார். "ரெண்டு தடவை அடிச்சாத்தானே விலகும்? ஒரே தடவையில அடிச்சுடலாம். வெள்ளை கலந்தா வெளிறும், அதுக்கு ஒரு சொட்டு ஆரஞ்சு." என் நான்கு மாதத் தவிப்புக்கு அரை நிமிடத்தில் பதில்.

ஆனால் முதல் தாள் வீணானது. மையில் இருந்த தின்னர் டெக்கல் தாளின் மேல்படலத்தைச் சுருக்கிவிட்டது. அவரே வேறு மையும், மை வலையில் காயாமல் இருக்க ரிடார்டரும் மாற்றிப் பார்த்தார். அடுத்த வாரம் இரண்டாவது தாள் வந்தது. தண்ணீரில் போட்டு வளைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. ஃபிலிம், ஸ்கிரீன், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். ஸ்கிரீன் போட்ட பிறகு ஒரு தாளும் பத்துத் தாளும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான். அதனால் ஏ4 தாளில் ஓர் இடமும் காலியாக விடாமல், பன்னிரண்டு பெட்டிக்கான எண்களும், கீழே 0 முதல் 9 வரை தனி இலக்கங்களும் நிரப்பியிருந்தேன். டெக்கல் வரையும் எல்லோரும் அந்த உதிரி வரிசையைக் கட்டாயம் போடுங்கள்.

ஒட்டுவதில் நான் கவனித்த இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். மெரூன் மேல் முதலில் பளபளப்பான வார்னிஷ் வேண்டும். சொரசொரப்பான பரப்பில் டெக்கலுக்கு அடியில் காற்று தங்கி, வெள்ளிப் படலம் மாதிரி தெரியும். நவம்பர் மழையில் வார்னிஷ் அடித்தேன், ஈரம் இறங்கி மேலே பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது. தேய்த்துவிட்டு ஜனவரியில் மறுபடி அடித்தேன். இரண்டாவது, தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விடும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டேன். பத்து வினாடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டால் பிசின் இளகி எண் நகரும். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் என்ற ஒட்ட உதவும் திரவம் ஒரு துளி, அதன் மேல் டெக்கல், தூரிகை நுனியால் நேராக்கி, பிறகு டெக்கலை இளக்கும் மைக்ரோ சால். சால் போட்டதும் டெக்கல் சுருங்கும். அப்போது தொடவே கூடாது. கை பரபரக்கும், எழுந்து போய்விடுவது நல்லது. அரை மணி கழித்து வந்து பார்த்தபோது எண் சுவரோடு படிந்து, பெயின்டில் எழுதினது போல இருந்தது.

பெட்டியைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 93238 என்று வாய்விட்டுப் படித்தார். 8-இன் பாலத்தில் விரலை வைத்து, எதுவும் சொல்லாமல் தலையாட்டினார். அப்புறம் முனைச் சுவரைத் திருப்பினார். பி.ஓ.எச். 6/95, ரிட்டர்ன் 12/96.

"இது தப்பு தம்பி. அந்தக் காலத்துல எக்ஸ்பிரஸ் வண்டிப் பெட்டிக்குப் பன்னிரண்டு மாசம்தான். பதினெட்டு எல்லாம் பின்னால வந்தது. 6/96 போடு."

அன்று இரவே ஈரப் பஞ்சை வைத்து அந்த 12-ஐ இளக்கி எடுத்தேன். வார்னிஷ் மூடாத டெக்கல் என்பதால் வந்துவிட்டது. தாளின் அடியில் இருந்த உதிரி வரிசையிலிருந்து ஒரு 6-ஐ வெட்டி, தண்ணீரில் போட்டு, ஒரு நிமிடம் காத்திருந்தேன்.