புல்வெளி வரைக்கும்தான் அனுமதி

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரயன்ட்-டென்னி விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கான மாணவிகள், பெரும்பாலும் முதலாமாண்டு, கையில் உறையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்ன நொடியில் எல்லோரும் ஒரே சமயத்தில் பிரிக்கிறார்கள். எந்தச் சொரோரிட்டி, அதாவது எந்த மாணவியர் சங்கம், தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று படித்ததும் கிளம்பும் கூச்சலை வைத்தே அந்த நாளுக்கு முன்பு 'ஸ்குவீல் டே' என்று பெயர், அதாவது கீச்சிடும் நாள். இப்போது 'பிட் டே', அழைப்பு நாள். பிறகு அவரவர் சொரோரிட்டியின் வீட்டை நோக்கி ஓட்டம். வாசல் புல்வெளியில் பலூன், ஒரே நிற டீ-ஷர்ட், கட்டிப்பிடித்து அழுகை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அனுமதி அந்தப் புல்வெளி வரைக்கும்தான்.

மாணவர் நல அலுவலகத்திலும் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் சொரோரிட்டிப் பெண் வேறு ஆள். செப்டம்பரில் அவள் வரும்போது கையில் பலூன் இருக்காது. சந்தா பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் பட்டியல், சமையலறை ஒப்பந்தத்தின் நகல், திங்கட்கிழமைக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல், இவைதான் இருக்கும். வயது இருபது. இந்த இரண்டு பெண்களும் ஒருத்திதான் என்பதை வெளியே யாருக்கும் புரியவைக்க முடியாததுதான் இந்த வேலையின் தீராத தலைவலி.

சொரோரிட்டி என்றால் மகளிர் விடுதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வீடு அதில் ஒரு பகுதி மட்டுமே. பல சொரோரிட்டிகளுக்கு வீடே கிடையாது. அடிப்படையில் அது ஆயுள் உறுப்பினர் சங்கம். 1851-இல் ஜார்ஜியா மாநிலம் மேக்கனில், பெண்களுக்கென்று இருந்த ஒரு கல்லூரியில், ஆல்ஃபா டெல்டா பை என்னும் சொரோரிட்டியின் முன்னோடியான அடெல்ஃபியன் சொசைட்டி தொடங்கியது. 'சொரோரிட்டி' என்ற சொல்லே பிறகுதான் வந்தது. 1882-இல் சிரக்யூஸில் காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் அதை உண்டாக்கிக் கொடுத்தார். ஆண் மாணவர் சங்கமான ஃப்ரட்டர்னிட்டியில் இடமில்லாதவர்கள், இருபாலர் கல்லூரிகளில் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களாக இருந்தவர்கள், ஒருவருக்கொருவர் துணையாக அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

திரைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அங்கே மூன்றே அச்சுகள். 1974-இல் 'பிளாக் கிறிஸ்மஸ்' கொலைகாரனுக்கு இரையாகும் பெண்ணைக் கொடுத்தது. பிறகு வந்த கல்லூரிக் கலாட்டாப் படங்கள் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கப்படும் பெண்ணைக் கொடுத்தன. மூன்றாவது, புதிதாக வந்தவளை அழவைக்கும் பொன்முடி ராணி. 2001-இன் 'லீகலி பிளாண்ட்' இந்த வார்ப்பை உடைத்ததாகச் சொல்வார்கள். பாதி உண்மை. நாயகி ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் ஜெயிக்கிறாள். ஆனால் சொரோரிட்டிப் பெண்ணுக்கு மூளை இருப்பதே ஆச்சரியம் என்பதில்தான் படத்தின் நகைச்சுவை மொத்தமும் நிற்கிறது.

படங்களைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஆள்சேர்ப்பு வாரத்தை. 'ரஷ்' என்று சொல்லும் அந்த வாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான், பிம்பம் எந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறது என்பது தெரியும்.

பொதுவாக நான்கு சுற்று. முதல் சுற்றில் சேர விரும்புகிறவள் வளாகத்தின் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். இரண்டாவதில் அறப்பணி, மூன்றாவதில் வீட்டைச் சுற்றிக் காட்டுவது, கடைசியில் 'ப்ரெஃபரன்ஸ்' என்னும் அமைதியான சுற்று, அதில் இரண்டே வீடு. முதல் சுற்றில் ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி பக்கத்தில் வந்து நின்று உரையாடலை வாங்கிக்கொள்வாள். முதலாமவள் நகர்ந்து அடுத்தவளிடம் போவாள். இதற்கு 'பம்ப்' என்று பெயர். யார் யாரை எந்த வரிசையில் மாற்றுவது என்று வரைபடம் போட்டு, வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். விருந்தாளி வெளியேறியதும் மதிப்பெண் போட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கானவர்கள்.

இதில் பேசக்கூடாத விஷயங்கள் ஐந்து உண்டு: ஆண்கள், மது, மதம், பணம், அரசியல். ஆங்கிலத்தில் ஐந்தும் 'பி' (B) எழுத்தில் தொடங்குவதாக மனப்பாடம் செய்துகொள்வார்கள். யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ண விதிதான். ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணிடமிருந்து இந்த ஐந்தையும் பிடுங்கிவிட்டால் பேச என்ன மிஞ்சும்? சொந்த ஊர், பாடப்பிரிவு, கோடை விடுமுறை, 'உன் காதணி அழகாக இருக்கிறதே'. பேச்சை விதி போட்டு வெறுமையாக்கிவிட்டு, அந்த வெறுமையைப் படம்பிடித்து, 'பார், இவர்களுக்கு உடையைத் தவிர வேறொன்றும் தெரியாது' என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அலபாமா மாணவிகள் தினமும் உடுத்தியதை ஒவ்வொன்றாகக் கடைப் பெயரோடு சொன்ன டிக்டாக் காணொளிகள் உலகம் முழுக்கப் பரவியதன் பின்னணி இதுதான். அந்தப் பெண்கள் உடையைப் பற்றிப் பேசியது, அந்த வாரத்தில் வெளியே சொல்லத் தடையில்லாத சில விஷயங்களில் ஒன்று அது என்பதால்.

இரவில் கணக்கு நடக்கும். ஒவ்வொரு வீடும் எத்தனை பேரை அடுத்த சுற்றுக்கு அழைக்கலாம் என்பதைக் கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு கணக்கீட்டு முறை தீர்மானிக்கிறது. எல்லோரும் விரும்பும் வீடு முதல் நாளே பெரிய வெட்டு வெட்ட வேண்டும். விரும்பப்படாத வீடு அதிகம் பேரை அழைக்கலாம். முடிவில் மாணவி தன் விருப்ப வரிசையை எழுதிக் கையெழுத்திடுகிறாள். எழுதிய வீடு அழைத்து அவள் மறுத்தால், அடுத்த ஆண்டின் ரஷ் வரை அந்த வளாகத்தில், நேஷனல் பான்ஹெலெனிக் என்னும் சொரோரிட்டிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறெந்த வீட்டிலும் சேர முடியாது. இந்தப் பொருத்தும் முறையைப் பொருளாதார அறிஞர்கள் சூசன் மாங்கெலும் ஆல்வின் ராத்தும் 1991-இல் ஆராய்ந்து எழுதினார்கள். பலர் ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள், முறை ஓரளவு தாக்குப்பிடிப்பதே அதனால்தான் என்று கண்டார்கள். பிற்பாடு 2012-இல் ராத் பொருளாதார நோபல் வாங்கினார். மூளையில்லாத பெண்களின் விளையாட்டு என்று சிரிக்கப்படுவது பொருளாதார ஆய்விதழில் இடம்பிடித்த சமாச்சாரம்.

சேதம் எங்கே? சில நிமிடப் பேச்சு, வரம்பு கட்டிய தலைப்புகள், நூறு முகங்கள். களைத்த கண் எதை நினைவில் வைக்கும்? தோற்றத்தை. ரஷ்ஷில் கலந்துகொண்ட முதலாமாண்டு மாணவிகளைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வு, அவர்கள் தம் உடலை அடுத்தவர் கண்ணால் பார்த்து அளப்பதும், உணவுப் பழக்கம் கோளாறாவதும் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகம் என்று காட்டியது. 1988-இலேயே உளவியலாளர் கிறிஸ்டியன் கிராண்டல் இரண்டு சொரோரிட்டிகளைப் பார்த்தார். அளவுமீறிச் சாப்பிட்டுத் தவிக்கும் பழக்கம் தோழிகளுக்குள் தொற்றுவதும், ஆண்டு முடிவில் ஒருத்தியின் பழக்கம் அவள் தோழிகளின் பழக்கத்தை ஒத்திருப்பதும் தெரிந்தது. கல்லூரிக்கு வருமுன்பே திரையில் பார்த்த மெலிந்த, பொன்முடிப் பெண்ணாக மாறி வந்து நிற்கிறவர்கள். அப்படி வந்தவர்களைப் பார்த்து அடுத்த ஆண்டு வருகிறவர்கள். பிம்பம்தான் முதலில் வருகிறது, பெண் அதற்குப் பின்னால் வருகிறாள். இடையில் ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் 'ரஷ் ஆலோசகர்'கள் வேறு முளைத்துவிட்டார்கள்.

இதைவிடக் கனமான விஷயம் மது. நேஷனல் பான்ஹெலெனிக் கூட்டமைப்பில் இருக்கும் 26 சொரோரிட்டிகளில் வீட்டுக்குள் மதுவுக்கு இடமில்லை என்பது நெடுநாள் விதி. காப்பீட்டுச் செலவு இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். 'நெய்பர்ஸ் 2' படம் 2016-இல் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சரியாகப் பிடித்தது. விதியின் விளைவு என்ன? பார்ட்டி ஃப்ரட்டர்னிட்டி வீட்டில்தான் நடக்கும். யார் உள்ளே வரலாம் என்று கதவில் நின்று சொல்பவன் ஆண். கோப்பையில் என்ன ஊற்றப்படுகிறது என்பது அவன் கையில். மாடி அறைகளின் சாவியும் அவனிடம். பெண்கள் செய்யக்கூடியது, அன்றைக்குக் குடிக்காமல் காவல் இருக்க இரண்டு மூன்று பேரை நியமிப்பது, தனியாக யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லிவைப்பது, அவ்வளவுதான். சொரோரிட்டி உறுப்பினர்கள் மற்ற மாணவிகளைவிட அதிகமாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்றும், குடியை மட்டும் வைத்து அந்த வித்தியாசத்தை விளக்கிவிட முடியாது என்றும் 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. புகார் கொடுக்க வருபவள் முதலில் மோதுவது திரைப்பட ராணியோடு. 'பார்ட்டிக்குப் போகிற கூட்டம்தானே.' விசாரணைக்கு உட்காருகிறவர்கள் இந்த வாக்கியத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். 'அன்று என்ன உடுத்தியிருந்தாய், எத்தனை கோப்பை' என்ற கேள்விகள் முன்னால் வந்து நிற்கும்போது அது தெரிந்துவிடும். யார் கதவு, யார் ஊற்றியது என்று தொடங்குகிற கேள்விப் பட்டியல் வேறு பதில்களைக் கொண்டுவரும்.

பிம்பத்தில் இடமே இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். 1908-இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1913 ஜனவரியில் அங்கேயே பிறந்த டெல்டா சிக்மா தீட்டா, மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தது. அதுதான் அதன் முதல் பொதுக் காரியம். பட்டம் வாங்கிய பின்னும் முதுமை வரை வேலை செய்கிற சங்கங்கள் இவை. தமிழ்ப் பத்திரிகைகள் துளசேந்திரபுரம் வரை போய் கமலா ஹாரிஸைத் தேடின. அவர் கழுத்து முத்துமாலையை நகையாகப் பார்த்தார்களே தவிர, அது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் அடையாளம் என்று எழுதியவர்கள் குறைவு. 1998-இல் மட்டும் ஹூஸ்டன், ஆஸ்டின், நியூயார்க் மூன்று இடத்திலும் தெற்காசியப் பெண்களுக்கான சொரோரிட்டிகள் தோன்றின. இவர்களில் யாரும் படத்தில் இல்லை. இன்னொரு பக்கம், அலபாமாவில் வெள்ளைச் சொரோரிட்டிகள் கறுப்பின மாணவிகளைத் தள்ளிவைத்ததை 2013 செப்டம்பரில் வெளிக்கொண்டுவந்தது வெளியூர்க் கேமரா அல்ல, மாணவர்களே நடத்தும் 'கிரிம்சன் ஒயிட்' பத்திரிகை. தப்பை மறைக்கவும் பிம்பம் உதவும். எல்லோரும் உடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் உறுப்பினர் பட்டியலை யார் பார்ப்பது?

சங்கங்களின் மௌனத்துக்கும் இதில் பங்கு உண்டு. சடங்கு ரகசியம், கூட்டம் மூடிய கதவுக்குள், ஊடகம் கேட்டால் தலைமையகத்தைக் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குக் கட்டளை. அப்புறம் நிருபர் எங்கே போவார்? புல்வெளிக்குத்தான். வரவு செலவுக் கூட்டத்தை ஒரு மணி நேரம் படம்பிடிக்க விட்டிருந்தால்கூட நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்காது.

இனி வேலைக்கு விண்ணப்பிக்கும் நாள். சுயவிவரத்தில் சொரோரிட்டியை எழுதலாமா, மறைக்கலாமா என்ற கேள்வியோடு நான்காமாண்டு மாணவிகள் வருவார்கள். மறைத்தால் இரண்டு ஆண்டு நிர்வாக அனுபவம் காகிதத்தில் காணாமல் போகும், 'படிப்பைத் தவிர என்ன செய்தாய்' என்ற கேள்விக்கு வாய் மூட வேண்டியிருக்கும். எழுத வேண்டும், ஆனால் உள்வட்டப் பேச்சில் எழுதக் கூடாது. 'ஸ்டாண்டர்ட்ஸ் சேர்' என்றால் வெளியே யாருக்கும் புரியாது. ஒழுங்கு விசாரணைக் குழுத் தலைவர் என்றால் புரியும். 'சகோதரித்துவத்தை வளர்த்தேன்' என்ற வரியை அடித்துவிட வேண்டும். பொருளாளராக இருந்தவள் எண்ணை எழுதட்டும். 180 உறுப்பினர், அரையாண்டுக்குத் தலா 400 டாலர் என்றால் 72,000 டாலர் கை மாறுகிறது. எத்தனை சதவீதம் நேரத்தில் வசூலானது, பாக்கிக்குத் தவணை முறை கொண்டுவந்தாளா, தணிக்கையில் என்ன தவறு அகப்பட்டது, எப்படித் திருத்தினாள்? தவறைச் சொல்லத் தயங்குகிறார்கள். தேர்வாளரை நிமிர்ந்து உட்காரவைப்பது அந்த வரிதான். கிரேக்க எழுத்துகளை மட்டும் போடாமல் பெயரை முழுதாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணினியில் தேடும்போது சிக்காது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. கால்பந்து அணித் தலைவனிடம் கேட்காத 'பார்ட்டியெல்லாம் பலமா?' என்ற கேள்வியை இவளிடம் கேட்கக் கூடாது, வேடிக்கைக்குக்கூட. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. மற்றவரோடு பேசுமுன் அவரவர் மதிப்பெண்ணைத் தனித்தனியாக எழுதிவிட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் முதலில் வாய் திறந்தவரின் அபிப்பிராயம் எல்லோர் தாளிலும் ஏறிவிடும்.

மதிப்பெண் தாளில் அடிக்கடி சிக்கும் ஒரு குறிப்பு குரலைப் பற்றியது. வாக்கியத்தின் முடிவில் கேள்வி போல ஏறும் அந்தத் தொனியைக் கேட்டதும் 'சொரோரிட்டிக் குரல்' என்று முத்திரை விழும். மொழியியலாளர் சிந்தியா மெக்லமோர் டெக்சாஸில் ஒரு சொரோரிட்டியின் பேச்சைப் பதிவுசெய்து, ஏறும் தொனியை ஆராய்ந்து 1991-இல் ஆய்வேடு கொடுத்தார். கூட்டத்தில் எழுந்து அறிவிப்புச் செய்யும் மூத்த பெண்கள், பொறுப்பில் இருப்பவர்கள், கேட்பவர்களின் கவனத்தைப் பிடித்து வைக்கப் பயன்படுத்திய கருவி அது. நேர்காணல் அறையில் அதே தொனிக்கு நேரே கட்டத்துக்குள் எழுதப்படுவது 'தன்னம்பிக்கை குறைவு'.