வரைபட மேசையும் கொள்கை மேசையும்
சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞரான லியூ தாய் கெர், 1969இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்து பின்னர் அதன் தலைமை நிர்வாகியாகி, 1989இல் நகர மறுசீரமைப்பு ஆணையத்திற்குச் சென்று, தெம்பனிஸ், உட்லண்ட்ஸ் போன்ற வட்டார மையங்களுக்கு வேலையிடங்களைப் பரவலாக்க முனைந்த 1991ஆம் ஆண்டு நகர வளர்ச்சித் திட்டத்தை வழிநடத்தினார். பதவியில் இருந்தவர்களால் மட்டுமே சிங்கப்பூர் உருப்பெற்றது என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. கட்டடக் கலைஞர்களான வில்லியம் லிம், டே கெங் சூன் முதலியோர் நகரத் திட்டமிடலை ஆராய 1965இல் தொடங்கிய ஸ்பர் (SPUR) குழு, பாய லேபார் விமான நிலைய விரிவாக்கத்தை வெளியிலிருந்தே எதிர்த்து வாதிட்டது. புதிய விமான நிலையத்திற்கு அரசு 1975இல் சாங்கியைத் தேர்ந்தெடுத்தது. இன்றோ வீட்டு விலை, நிலப் பயன்பாடு பற்றிய பொது விவாதங்களில் பொருளியலாளர்களின் குரலே எனக்கு அதிகம் கேட்கிறது, நம் தமிழ்க் கட்டடக் கலைஞர்களும் முகப்பு அழகைத் தாண்டி இவற்றைப் பற்றி எழுத வேண்டும்.