லிவோர்னோவில் இறங்கி, பைசா கோபுரத்துக்கு நாங்களாகவே போய் வந்த கதை

மத்தியதரைக் கடலில் ஏழு நாள் க்ரூஸ். நானும் அப்பாவும் மட்டும். அதில் ஒரு நாள் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம். பயண அட்டவணையில் அந்த நாளுக்கு நேராக 'ஃப்ளோரன்ஸ், பைசா' என்றுதான் போட்டிருந்தது. பெயரைப் பார்த்துவிட்டு, இறங்கினால் கோபுரம் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணில் படுவது கன்டெய்னர் அடுக்குகள்தான். ஃப்ளோரன்ஸ் அங்கிருந்து ரயிலில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். பைசாவுக்குப் பதினைந்து இருபது நிமிடம்.

கப்பலிலேயே சுற்றுலாப் பேருந்து உண்டு. விலையைப் பார்த்தேன், நிரலைப் பார்த்தேன். பைசாவில் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப ஏற்றிவிடுவார்கள், கோபுரத்தில் ஏறுவது அதில் சேராது. அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "மேல ஏறுறதெல்லாம் நீ பாத்துக்கோ. எனக்கு அஸ்திவாரத்தை நின்னு பாக்கணும். ஒன்றரை மணி நேரம் எந்த மூலைக்கு?" என்றார். சரி, நாமே போவோம் என்று முடிவு செய்தோம்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கப்பலின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். அதனால் நான் கணக்கைக் கடைசியிலிருந்து போட்டேன். மாலை 5.30க்கு எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். 4.30க்கு, ஊரிலிருந்து துறைமுகத்துக்குள் கொண்டுபோகும் ஷட்டில் பேருந்து நிற்கும் இடம். அப்படியென்றால் மூன்று மணிக்குள் பைசா ரயில் நிலையம். நடுவில் ஒரு ரயில் போனாலும் அடுத்த ரயிலில் வந்து சேர முடிய வேண்டும். இப்படிப் பின்னோக்கி வந்து, கோபுரம் ஏற 11.30 மணிக்கு டிக்கெட் எடுத்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்தாயிற்று. நேரம் குறித்த டிக்கெட் அது, நான் போனபோது 20 யூரோ. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை மேலே விடுவதில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

காலையில் கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், அப்புறம் கப்பலில் தினமும் அறைக்கு வரும் அந்த நாளிதழ்த் தாள், மூன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். தாளில் துறைமுக ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.

லிவோர்னோ சரக்குத் துறைமுகம் என்பதால் உள்ளே நடந்து போக விடமாட்டார்கள். காசு கொடுத்து ஷட்டிலில் ஏறி ஊர் நடுவே இறங்க வேண்டும். அங்கிருந்து ரயில் நிலையம் இரண்டு மூன்று கிலோமீட்டர், நகரப் பேருந்து இருக்கிறது. பேருந்து டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்கினேன். வாசலில் பெரிதாக 'T' எழுத்துப் பலகை தொங்கும், அதுதான் அடையாளம்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் இயந்திரம் ஆங்கிலத்திலும் பேசுகிறது. பேசியவுடன் ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை என்றது. பைசாவுக்கு ஆளுக்கு மூன்று யூரோ சுமார். இங்கேதான் நான் கோட்டை விடப் பார்த்தேன். காகித டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். படித்திருந்தேன், ஆனால் ரயிலைப் பார்த்த பதற்றத்தில் மறந்தேபோனேன். ஒரு பாட்டி குத்துவதைப் பார்த்து அப்பாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பைசா நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். அப்பாவின் முழங்காலோடு நாற்பது. பேருந்தும் உண்டு, அவர்தான் நடக்கலாம் என்றார். நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தேவாலயத்தின் பின்சுவர் முழுக்க அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1989இல் வரைந்த வண்ண மனிதர்கள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி கடைத்தெரு, அர்னோ ஆற்றுப் பாலம், பாலத்தில் கொஞ்சம் இளைப்பாறல். உள்ளூர்க்காரர்கள் 'பீசா' என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பைசா என்று படித்த நமக்கு அது வாயில் வருவதற்குள் ஊர் திரும்பும் நேரம் வந்துவிடுகிறது.

தெரு முடியும் இடத்தில், நிமிர்ந்து நிற்கும் வீடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று சாய்ந்து எட்டிப் பார்த்தது. படத்தில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனாலும் பக்கத்தில் நேரான சுவர் இருக்கும்போது அந்தச் சாய்வு வயிற்றில் ஒரு மாதிரி செய்கிறது. புல்வெளி முழுக்க ஆட்கள் கையை நீட்டி, கோபுரத்தைத் தாங்குவதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "இத்தனை பேர் தாங்கியுமா எண்ணூறு வருஷமா சாயுது?"

ஏறும் முன் பையைக் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் வரிசை உண்டு. 11.30 டிக்கெட்டுக்கு 11 மணிக்கே அங்கே நிற்பது நல்லது. அப்பாவை அடிவாரத்து வேலியோரம் விட்டுவிட்டு வரிசையில் சேர்ந்தேன்.

படிகள் 250க்கு மேல். சுவரின் கனத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகிறது பாதை. எண்ணிக்கை பெரிதில்லை, பழனியில் ஏறியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. விஷயம் வேறு. ஒரு பக்கம் வரும்போது உடம்பு தானாக உள்சுவரில் போய் இடிக்கிறது, அரைச்சுற்று போனால் வெளிச்சுவர் பக்கம் தள்ளுகிறது. சில படிகள் ஏறுவது போலவே இல்லை, சில படிகள் இரண்டு மடங்காகத் தெரிகின்றன. பளிங்குப் படிகளில் கால் பட்டுப் பட்டு விழுந்த குழியும் நடுவில் இல்லாமல் சுற்றுக்குச் சுற்று இடம் மாறிக்கொண்டே போகிறது. முன்னே போனவர் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். பயச் சிரிப்பு.

மேலே ஏழு மணிகள், சுற்றிலும் காற்று. ஞானஸ்நான மண்டபத்தின் குவிமாடம் கடல் பக்கம் சிவப்பு ஓடும் மறுபக்கம் ஈயத் தகடுமாகப் பாதி பாதி இருப்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது. கீழே அப்பாவின் வெள்ளைத் தொப்பியைத் தேடினேன். எல்லோரும் கோபுரம் சாயும் தெற்குப் பக்கம் கூடியிருக்க, அவர் மட்டும் ஆளில்லாத வடக்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அரை மணி நேரம் முடிந்து இறங்கும்போதும் அதே இடம்.

"ஏம்பா இந்தப் பக்கம் வந்து நிக்கிறீங்க?"

"இங்கதானே மண்ணை எடுத்தாங்க."

அப்புறம் பள்ளத்தைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். 1173இல் தொடங்கியது. அடியில் மெத்தென்ற களிமண், அஸ்திவாரம் மூன்று மீட்டர்தான். மூன்று மாடி எழும்பியதுமே சாய்ந்துவிட்டது. வேலை நின்றது, மறுபடி தொடங்க நூறு வருடம் ஆயிற்று. "அந்த நூறு வருஷம்தான் காப்பாத்துச்சு. களிமண்ணிலிருந்து தண்ணி வடிஞ்சு மண்ணு இறுகிடுச்சு. ஒரே மூச்சுல கட்டியிருந்தா அன்னிக்கே விழுந்திருக்கும்." மீண்டும் கட்டியவர்கள் தாழ்ந்த பக்கம் மாடியைக் கொஞ்சம் உயர்த்தி நேராக்கப் பார்த்தார்கள், அதனால் கோபுரம் வாழைப்பழம் போல லேசாக வளைந்தும் இருக்கிறது. கொத்தனார் புத்தி எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று அதற்கு ஒரு சிரிப்பு.

மண்ணில் புதைந்த அடிப்பகுதி வெளியே தெரியட்டும் என்று 1838இல் சுற்றிலும் தோண்டினார்கள். தண்ணீர் பொங்கி, சாய்வு கூடியது. முசோலினி காலத்தில், 1934இல், சிமென்ட் கலவையை உள்ளே செலுத்தினார்கள், அப்போதும் கூடியது. 1990இல் மூடிவிட்டார்கள். வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கி முதலில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு அதே வடக்கில் அடிமண்ணைத் துளைக்கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள். அந்தப் பக்கம் அமர, கோபுரம் அரை டிகிரி நிமிர்ந்தது. ஐந்தரை டிகிரி சாய்வு சுமார் ஐந்தாயிற்று. 2001 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். "முழுசா நிமித்தியிருக்கலாமேப்பா" என்றேன். "நிமித்திட்டா யாரு வருவா?"

பேராலயத்துக்குள் ஒரு சுற்று, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டோம். சைவக்காரரான அப்பாவுக்கு அந்த ஊர் செச்சினா கிடைத்தது. கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மிளகுப்பொடி தூவித் தருகிறார்கள். "அடைதான், கறிவேப்பிலை இல்ல" என்று இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நிலையத்துக்கு டாக்ஸி பிடித்தோம். கணக்கு அதுவரை பிசகவில்லை. பலகையில் எங்கள் ரயிலுக்கு நேராக 'ரித்தார்தோ' 25 என்று விழுந்தது. இத்தாலிய மொழியில் நான் அன்று உருப்படியாகக் கற்ற ஒரே சொல்: தாமதம். கொஞ்ச நேரத்தில் பிளாட்பாரமும் மாறியது. சுரங்கப்பாதையில் இறங்கி ஏறியதில் அப்பாவின் முழங்கால் என்னைத் திட்டியது, அவர் திட்டவில்லை. நான் நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன். லிவோர்னோவில் இறங்கியதும் பேருந்துக்குக் காத்திராமல் டாக்ஸி. ஷட்டிலுக்கு நீள வரிசை. கப்பல் ஏணியில் அட்டையைக் காட்டும்போது 4.55. கூடுதலாக வைத்திருந்த நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது, ஆனால் அதற்காகத்தானே வைத்தது.

5.30ஐ ஒட்டி ஒரு ஜோடி பையோடு ஓடி வந்தது, மேல்தளத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இரவு கடல் கொஞ்சம் அசைந்தது. அப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசமட்டம் பார்க்கிறாராம்.

"ஒரு டிகிரிகூட இல்லடா. தூங்கு."