முடிச்சைப் போட்டது யார்?

கடைசியில் பிடித்துவிட்டேன். 40 செ.மீ. கயிற்றில் முடிச்சு போட்டது பெட்டியில்லை, என் கைதான்.

இயர்போன் வயரை ஒழுங்காகச் சுருட்டிப் பையில் வைத்தாலும் எடுக்கும்போது ஏன் சிக்காகவே வருகிறது என்று யோசிக்கப் போய், இப்போது மேசைமேல் மோட்டார் பூட்டிய பெட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, 30 செ.மீ. கனசதுரப் பெட்டியில் கயிற்றைப் போட்டு, நொடிக்கு ஒரு சுற்று என்று பத்துச் சுற்று விட்டு, மொத்தம் 3,415 தடவை பார்த்து 2007-இல் எழுதினார்கள். மறு ஆண்டு இக் நோபல் கொடுத்தார்கள். சிரிப்புக்குக் கொடுக்கிற பரிசுதான். ஆனால் 3,415 என்ற எண்ணைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. 40 செ.மீ. கயிற்றை மோட்டாரில் சுற்றவிட்டதில் என் கணக்கு 190. அதில் 140 குப்பைக்குப் போய்விட்டது.

அவர்களுக்கு 46 செ.மீ.க்குக் குறைவான கயிற்றில் முடிச்சே விழவில்லை. அங்கிருந்து ஒன்றரை மீட்டர் வரை வாய்ப்பு கிடுகிடுவென ஏறும். கயிறு ரொம்ப நீளமானால் பெட்டிக்குள் புரள இடமில்லாமல் பாதிக்குப் பாதி என்ற அளவில் தேங்கிவிடும். எனக்கோ 40 செ.மீ.யிலேயே 140-க்கு 17 முடிச்சு! முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

சந்தேகம் முதலில் மோட்டார்மேல். 60 ஆர்பிஎம் என்று சொல்லி விற்ற கியர் மோட்டார், பெட்டியில் பொட்டு வைத்து எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 83 சுற்று ஓடியது. (இனி மோட்டார் எங்கே வாங்கினாலும் முதல் வேலை எண்ணிப் பார்ப்பதுதான்.) வேகத்தை இறக்கினேன். முடிச்சு குறையவில்லை. கயிற்றை மாற்றினேன். அதுவும் இல்லை.

அப்புறம்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கயிற்றைப் பெட்டியில் போட்டு, மோட்டாரைத் தொடாமல், அப்படியே வெளியே எடுத்தேன். 50 தடவை. 5 முடிச்சு. பெட்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கையை விட்டு அள்ளி, ஒரு நுனியைத் தேடி, உருவி, உதறுகிறேன் இல்லையா, அந்த உதறலில்தான் நுனி ஒரு வளையத்துக்குள் புகுந்து வந்திருக்கிறது.

ஆகவே இந்த மாதம் முழுவதும் கயிற்றை எப்படி எடுப்பது என்பதிலேயே போயிற்று. இரண்டு நுனி இருக்கும்வரை எந்த அசைவும் முடிச்சைப் போடலாம், அவிழ்க்கலாம். நுனிகளைச் சேர்த்து ஒட்டிவிட்டால் கதையே வேறு. அதற்குப் பிறகு எவ்வளவு உதறினாலும் புது முடிச்சு விழாது, உள்ளதும் போகாது. அப்படியானால் பெட்டிக்குள்ளேயே ஒட்ட வேண்டும். ஒரு நுனிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் பூசினேன். மூடியைத் திறந்ததும் சாமணத்தால் இரண்டையும் நேர் மேலாகத் தூக்கி டேப் போடுகிறேன். நுனி மேலே கிடந்தால் பத்து நொடி வேலை. குவியலுக்கு அடியில் புதைந்திருந்தால்தான் வம்பு. மேலே கிடக்கும் மடிப்பை விரலால் விலக்கினால், முடிச்சு உண்டா இல்லையா என்பதை நானே தீர்மானித்தவன் ஆகிறேன். அதனால் விலக்குவதில்லை. எது மேலே கிடந்தாலும் நுனி நேராகத்தான் ஏறி வரவேண்டும். டேப்பின் பசை ஈரக்கையில் ஒட்டாது என்பதைக் கற்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. சாமணத்தின் முனையில் பல் இருந்தால் கயிற்றின் இழையைப் பிய்த்துவிடும், மழுங்கிய முனையே நல்லது.

புது முறையில் மோட்டார் இல்லாமல் 50 தடவை: பூஜ்யம். மோட்டாரோடு, அதே 40 செ.மீ., 50 தடவை: பூஜ்யம். ஒன்றுமே நடக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

60 செ.மீ., 80 செ.மீ. என்று படிப்படியாக ஏறுவதாகத்தான் திட்டம். பொறுமையில்லாமல் நேற்று ராத்திரி 1 மீட்டர் கயிற்றை ஒரே ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். ரேமரும் ஸ்மித்தும் சொன்ன விளக்கம் கண்ணெதிரே தெரிந்தது. கயிறு சுருள்சுருளாக அடுக்கிக் கிடக்க, நுனி மட்டும் பின்னல் போடுவதுபோல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் நுழைந்து போகிறது. நுனிகளை ஒட்டித் தூக்கினால், அவிழவில்லை. படம் எடுத்து, கயிறு தன்னையே தாண்டிப் போகும் ஏழு குறுக்கீடுகளையும் வரைந்து, மூன்று வண்ணச் சோதனை போட்டேன். (படத்தில் உள்ள கயிற்றுத் துண்டுகளுக்கு வண்ணம் பூசி, ஒவ்வொரு குறுக்கீட்டிலும் சேரும் மூன்று துண்டும் ஒரே வண்ணமாகவோ மூன்றும் வேறு வேறாகவோ வருமா என்று பார்ப்பது. படம் முழுக்க ஒரே வண்ணம் என்றால் செல்லாது.) வண்ணம் சேரவில்லை. மூன்றே குறுக்கீடு உள்ள, எல்லாவற்றிலும் எளிய மூவிலை முடிச்சாக இருந்தால் சேர்ந்திருக்க வேண்டும். முடிச்சே இல்லாத வெறும் வளையத்துக்கும் சேராது, நான்கு குறுக்கீடு உள்ள, 8 வடிவ எட்டு முடிச்சுக்கும் சேராது.

ஒட்டின கயிறுதானே என்று ஆணியில் மாட்டி, தைரியமாக இழுத்து இழுத்துத் தளர்த்தினேன். ஏழு குறுக்கீடு ஐந்தாயிற்று, ஐந்து நான்காயிற்று. அதற்குமேல் அசையவில்லை. எட்டு முடிச்சேதான்.