கரும்பலகையில் நான்கு சொற்கள்

எங்கள் கல்லூரியில் 1968 ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படித்த சைவப் பிள்ளைகளில் நானும் ஒருவன். சைவசமய பாட ஆசிரியர் நெடுநாள் விடுமுறையில் இருந்த ஒரு தவணையில் எங்களை வேதபாட வகுப்பின் பின்வாங்கிலில் இருத்திவிட்டார்கள். வீட்டில் இதற்கு எதிர்ப்பு எதுவும் எழவில்லை. ஆச்சி மட்டும், "வேதக்காரரின்ர பாடத்தைக் கேள், ஆனால் வேதத்தில சேர்ந்திடாதை" என்று சொல்லி அனுப்பினார். கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றும், தேவாலயத்தை வேதக்கோயில் என்றும் யாழ்ப்பாணத்தார் சொல்லிப் பழகியிருந்தமையால், இருக்கு, யசுர் முதலியன அடங்கிய எங்கள் வேதத்துக்கும் இவர்களுடைய வேதத்துக்கும் பெயர் ஏன் ஒன்றாயிற்று என்று எவரும் கேட்டுக்கொண்டதில்லை.

பெங்களூரில் இறையியல் பயின்று வந்த வேதபாட ஆசிரியர், முதல் வாரமே நியாயப்பிரமாணம் என்றால் என்ன என்று எழுதித்தரச் சொன்னார். என் தந்தையார் பிரக்கிராசியார் (வழக்கறிஞர்) ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்தார். நியாயம், பிரமாணம் என்னும் இரண்டு சொற்களையும் நான் கேட்டிருந்த இடம் அவருடைய கந்தோர்தான். ஆகவே, நீதவான் முன்னிலையில் சத்தியம் பண்ணி ஒப்பமிடும் கடதாசிக்கு நியாயப்பிரமாணம் என்று பெயர் எனத் தயங்காமல் எழுதிக்கொடுத்தேன். வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "தம்பி, உம்மிலை பிழையில்லை. இந்தச் சொல்லை ஆக்கினவை உம்மைக் கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டிட்டினம்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் வேதம், நியாயப்பிரமாணம், பிரமாணம், போதகம் என்று நான்கு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

பிறகு வேதாகமத்தைப் புரட்டச் சொன்னார். முதலாம் சங்கீதத்தில் பாக்கியவான் இரவும் பகலும் தியானமாயிருப்பது கர்த்தருடைய 'வேதத்தில்'. யோசுவாவுக்குச் சொல்லப்பட்டதோ, "இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்பது. லேவியராகமத்தில் தகனபலியைச் செலுத்தும் முறைக்குப் பெயர் 'பிரமாணம்'. நீதிமொழிகளின் முதலாம் அதிகாரத்தில், "உன் தகப்பன் புத்தியைக் கேள், உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே" என்றிருக்கிறது. இந்த நான்கு இடங்களிலும் எபிரேய மூலத்தில் நிற்பது ஒரே சொல் என்றும், அது 'தோரா' என்றும் சேர் சொன்னபோது, முன்வாங்கில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் எங்களைப் போலவே வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

தோரா என்பது 'யாரா' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் என்று அவர் விளக்கினார். எறிதல், அம்பு எய்தல் என்னும் பொருள்களை உடைய அந்த அடியே சுட்டிக்காட்டுதல், கற்பித்தல் என்னும் பொருள்களையும் தாங்குகிறது. ஆசிரியரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லாகிய 'மோரே'யும் அதே அடியினதுதான். ஆகையால் தோரா என்பதற்கு முதற்பொருள் போதனை. அம்மா பிள்ளைக்குச் சொல்லும் புத்தியும் தோரா, பலியிடும் முறை பற்றி ஆசாரியன் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதியும் தோரா, மோசேயின் ஐந்து நூல்களும் சேர்ந்து தோரா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அந்த ஐந்து நூல்களையும் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இச்சொல்லுக்குப் பெரும்பாலும் 'நோமொஸ்' என்று எழுதினார்கள். நோமொஸ் என்றால் வழக்காறு, சட்டம். அதன் வழியே இலத்தீனிலும் ஐரோப்பிய மொழிகளிலும் சட்டமாகிவிட்ட ஒன்று, மிஷனரிமாரின் கையால் தமிழுக்கு வந்தபோது நியாயப்பிரமாணம் ஆயிற்று. சங்கீதத்தில் அந்தச் சொல்லின் முறைப்பு பக்திப் பாட்டுக்குப் பொருந்தாதென்று மொழிபெயர்த்தவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். அங்கே வேதம் என்று வைத்தார்கள். இது என் ஊகந்தான்.

சைவப் பிள்ளைகளாகிய எங்களுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று அந்த ஐந்து நூல்களின் பெயரிலும் ஆகமம் இருந்தது. வேதமும் ஆகமமும் எங்களுடைய சொற்கள் அல்லவா என்று நான் எழுந்து கேட்டேன். சேர் மகிழ்ந்துபோய், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று உழைத்தவர் ஆறுமுக நாவலர் என்பதையும், அது 1850 இல் அச்சேறியது என்பதையும் சொல்லி, சைவத் தமிழும் வேதக்காரரின் தமிழும் ஒரே திண்ணையில் இருந்து எழுதிய காலமொன்று இருந்தது என்றார். பிரமாணம் என்பதை எங்கள் சித்தாந்த நூல்கள் அளவை என்று வழங்குவதையும், காண்டல், கருதல், உரை என்று அதைப் பகுப்பதையும் எனக்குச் சொல்லித்தந்தவர் அந்தக் கிறிஸ்தவ ஆசிரியர்தான்.

புதிய ஏற்பாட்டில் உள்ள பவுலின் நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, வந்தபோது பாடம் கடினமாயிற்று. அங்கே நியாயப்பிரமாணம் சில இடங்களில் மோசேயின் கட்டளைகளையும், சில இடங்களில் வேதநூல் முழுவதையும் குறிக்கிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது ஏசாயாவின் வாக்கொன்றை எடுத்துக்காட்டி, அது 'நோமொஸில்' எழுதியிருக்கிறது என்று கிரேக்க மூலத்தில் சொல்கிறார் பவுல். ஏசாயாவோ ஐந்து நூல்களுக்குப் புறம்பானவர். நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற 'உபாத்தி' என்று கலாத்தியர் நிருபம் சொல்லும் இடத்தில், கிரேக்கச் சொல் குறிப்பது பாடம் சொல்லும் ஆசிரியரையன்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச்செல்லும் அடிமையை என்று சேர் திருத்தினார். மற்றவற்றை நான் மறந்துவிட்டேன். அந்த அடிமையை மறக்கவில்லை.

ரொறொன்ரோவுக்கு வந்து பல ஆண்டுகளின் பின், உடன் வேலைசெய்த யூத நண்பர் தம் மகன் பதின்மூன்று வயதை எட்டியபோது நடந்த சடங்குக்கு என்னைத் தொழுகைக்கூடத்துக்கு அழைத்தார். பேழையிலிருந்து தோரா எழுதிய தோல்சுருளை எடுத்து விரித்தார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளையும் எழுத்தர் ஒருவர் கையாலேயே எழுதியாக வேண்டும் என்றும், ஓராண்டு முழுதும் பகுதி பகுதியாக வாசித்து முடித்த அன்றே மறுபடி ஆதியாகமத்திலிருந்து தொடங்குவார்கள் என்றும் நண்பர் மெல்லச் சொன்னார். கட்டளைகள் 613 என்பது அவர்களின் மரபுக் கணக்கு. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டாகையால் தோரா என்னும் சொல்லைக் கூட்டினால் 611 வரும். மக்கள் கடவுளின் வாயிலிருந்து நேரே கேட்ட இரண்டு கட்டளைகளையும் சேர்த்தால் 613 ஆகும் என்று அவர் சொன்னபோது, எங்கள் ஊர்ச் சாத்திரியாரின் நினைவு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அன்றாட வாழ்வுக்கான விதிமுறைகளுக்குத் தாங்கள் வழங்கும் பெயர் 'ஹலாகா' என்றும், அது நடத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது என்றும் கேட்டபோது, நெறி என்னும் நம் சொல்லுக்கும் வழி என்றே பொருள் என்று நான் பதிலுக்குச் சொன்னேன்.

சுருளை விரலால் தொடலாகாது. நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சிறிய வெள்ளிக் கையொன்றை வரிமேல் நகர்த்திக்கொண்டு அந்தப் பையன் வாசித்தான். யாரா என்று சேர் சொன்னது அப்போதுதான் எனக்குக் கண்ணால் விளங்கியது.

அண்மையில் என் கைக்கு வந்த திருவிவிலியத்தை, 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை, அந்த நான்கு சொற்களுக்காகவே புரட்டினேன். முதலாம் திருப்பாடலில் வேதம் போய்த் 'திருச்சட்டம்' வந்திருக்கிறது. திரு என்று முன்னொட்டுக் கொடுத்தாலும் சட்டம் சட்டந்தான். சேர் இருந்திருந்தால் மறுபடி கோட்டுக்குப் போய்விட்டோம் என்றிருப்பார். நீதிமொழிகளுக்கு வந்து பார்த்தேன். "உன் தாய் கற்பிப்பதைத் தள்ளிவிடாதே" என்றிருந்தது. தாயிடம் வந்தபோது சட்டம் என்று எழுத அவர்களுக்கும் கை வரவில்லை.